உடற்பருமனும் கூடிப் பயில்வதும்

நோய்களுட் பல, நோயுற்றவரிடத்து இரக்கத்தை எழுப்புவன. காய்ச்சலால் நடுங்குவோரைக் கண்டு நகைப்பவர் ஒருவருமில்லை. கால் முறிந்து கோலூன்றி வருவோர்க்கு வழிவிட்டு ஒதுங்காதவரும் இலர். உடற்பருமன் ஒன்றே இவ்விதிக்கு விலக்காய் நிற்கின்றது. பருத்த உடலினரைக் கண்டவிடத்து, முன்பின் அறியாதவருங்கூட, "எந்தக் கடை அரிசி உண்கின்றீர்?" என்று வினவும் உரிமையைத் தாமே எடுத்துக்கொள்கின்றனர். கலியாணப் பந்தியில் பரிமாறுவோர், இன்னாரென்று தேர்ந்து, "உமக்கும் இரண்டாம் முறை வேண்டுமோ?" என்று கேட்டு நகைப்பதை யாம் பன்முறை கண்டிருக்கின்றோம். கேட்கப்பட்டவரும் உடன் நகைக்கின்றார். அந்நகை எத்தகையதென்பதை அவருடன் ஒரே வீட்டில் வாழ்பவரே அறிவர்.

கிறிஸ்தவராகிய எமக்கு இதில் வேறொரு சிக்கலும் உண்டு. ஆறாம் நூற்றாண்டில் உரோமாபுரியில் வாழ்ந்த பெரிய கிரகோரியார் வகுத்த தலையாய பாவங்களின் வரிசையில் பெருந்தீனியும் ஒன்று. அதைப்பற்றிய எச்சரிக்கையைச் சிறுபோழ்து முதல் கேட்டு வளர்ந்தவர், பருத்த உடலைக் காணுந்தோறும் அப்பாவத்தின் பலனையே காண்பதாக எண்ணிப் பழகிவிடுகின்றனர். பெருந்தீனி என்பது ஒரு செய்கையின் பெயர்; பருமன் என்பது ஓர் உடல் நிலையின் பெயர். இவ்விரண்டையும் ஒன்றென மயங்குதல் தருக்க நூலார்க்கும் உடன்பாடன்று, மருத்துவ நூலார்க்கும் உடன்பாடன்று. பிறப்புவழி வந்த கூறுகள், உறக்கக் குறைவு, மனக்கவலை, பிற நோய்களுக்காக உட்கொள்ளும் சில மருந்துகள், இருந்தவிடத்தே இருந்து செய்யும் தொழில், கைக்கெட்டும் உணவின் விலை ஆகிய பலவும் கூடியே ஓருடலைப் பருக்கச் செய்கின்றன. அன்றியும், குறைந்த எடையை மீட்டுக்கொள்ள உடல் தானே முயல்கின்றது. 2011-ஆம் ஆண்டில் வெளியான ஆஸ்திரேலிய ஆராய்ச்சியொன்றில், மிகு எடையுள்ள 50 பேர் 10 வாரம் மிகக் குறைந்த உணவு உண்டு மெலியுமாறு செய்யப்பட்டனர். ஓராண்டு கழிந்து சோதித்தபோதும், பசியை எழுப்பும் சுரப்புநீர் அவர்பால் உயர்ந்தும், உண்டது போதும் என்னும் நிறைவைத் தரும் சுரப்புநீர்கள் தாழ்ந்தும் இருந்தன. மெலிந்து மீண்டும் பருத்தவரை மனவுறுதி அற்றவரென்று தீர்ப்பிடுவோர், ஓராண்டாகியும் அடங்காத பசியோடு தாம் என்றேனும் வாழ்ந்து பார்த்ததுண்டோ?

தமிழ்நாட்டில் இஃது ஒரு சிலரைப் பற்றிய செய்தியும் அன்று. 2019–21-இல் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நம் மாநிலத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் நூற்றுக்கு 40.4 பேர் மிகு எடையோ பருமனோ உடையவர். இந்தியா முழுமைக்கும் அவ்வெண் 24 தான். இவர்கள் நோயென்று முதலிற் செல்லுமிடம் ஊரிலுள்ள ஆரம்பச் சுகாதார நிலையம். அன்றேல் தெருமுனையில் இருக்கும் மருத்துவரின் அறை. ஆங்கே ஒருவர்க்குக் கிடைக்கும் காலம் சில நிமிடம். வெளியே வரிசை நீண்டிருக்க, மருத்துவர் என்னதான் செய்வார்? "எடையைக் குறையுங்கள், சோற்றைக் குறையுங்கள், நடந்து பழகுங்கள்" என்பார். மூன்றும் ஏவல் வினைமுற்றுக்கள். இலக்கணம் பயில்வோர்க்கு எளியன, நிறைவேற்றுவோர்க்கு அரியன.

எம் அத்தையார் திருநெல்வேலிச் சீமையிலுள்ள சிற்றூரொன்றில் பள்ளி ஆசிரியை. உயரம் 152 சென்டிமீட்டர். எடை 84 கிலோ. முழங்கால் நோவுக்கு மருந்து கேட்கச் சென்றவரிடம் ஒரு மருத்துவர் மேற்கூறிய மூன்று ஏவல்களையும், அவற்றோடு நான்காவதாக ஒரு நகைச்சொல்லையும், அறையிலிருந்த பிறர் கேட்கும்படி கூறினார். அதன்பின் இரண்டாண்டுக் காலம் அத்தையார் எந்த மருத்துவசாலையின் வாயிலையும் மிதித்திலர். நோவுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டார். இரத்தத்தில் சர்க்கரை ஏறி நீரிழிவின் வாயிற்படியில் அவர் நின்றது அவ்விரண்டாண்டும் எவர்க்கும் தெரியாமற் கழிந்தது. நாணம் ஒரு மனிதரை மருத்துவத்தினின்றே துரத்திவிடும் என்பதை யாம் கண்ணாரக் கண்டது அப்பொழுதுதான். ஆதலின் இவ்வியாசத்தில் யாம் கூறப் புகுவது ஒன்றே: பருமனுக்கு உரிய அறிவுரை, தனித்த ஒருவர்மேல் எறியப்படும்போது கல்லாகின்றது, அதனையே பலர் கூடியிருந்து பகிரும்போது உணவாகின்றது.

ஒருவர் தனித்துச் செய்யவொண்ணாததைப் பன்னிருவர் கூடிச் செய்வது நம் சபைகளுக்குப் புதியதன்று. 1742-இல் பிரிஸ்டல் நகரத்து மெதடிஸ்த சங்கத்தார், தங்கள் கட்டடத்தின் கடனை அடைக்கும்பொருட்டு ஏறத்தாழப் பன்னிருவர் கொண்ட வகுப்புக்களாகப் பிரிந்து, ஆளுக்கு வாரம் ஒரு பென்னி திரட்டலாயினர். காசு வாங்கச் சென்ற தலைவர்கள் ஒவ்வொருவர் வீட்டு நிலையையும் கண்டறிந்து வந்தனர். அதன் பயனை யோவான் உவெஸ்லியார் உணர்ந்துகொள்ள, கடனுக்கென்று தோன்றிய வகுப்பு வாரந்தோறும் ஒருவரையொருவர் விசாரிக்கும் கூட்டமாக மாறிற்று. உடல் எடையைப் பற்றிய கூட்டமும் இவ்வாறே ஒரு வீட்டில் தோன்றியது. 1961-இல் நியூயார்க்கு நகரில் ஜீன் நைடெட்ச் என்னும் குடும்பப் பெண், தனித்து மெலிய முயன்று சோர்ந்தவராய்த் தம் தோழியர் அறுவரை வீட்டிற்கு அழைத்து, உணவைப்பற்றி ஒளியாமற் பேசத் தொடங்கினார். 1963-இல் அது வெயிட் வாச்சர்ஸ் என்னும் வணிக நிறுவனமாயிற்று.

இம்முறைக்கு மருத்துவச் சான்று பிற்காலத்தே வந்தது. அமெரிக்க நாட்டில் 1996-இல் தொடங்கிய நீரிழிவுத் தடுப்பு ஆராய்ச்சியில் 3,234 பேர் சேர்க்கப்பட்டனர். உணவையும் நடையையும் திருத்தி, எடையில் நூற்றுக்கு 7 பங்கு குறைக்கவும் வாரத்திற்கு 150 நிமிடம் உடலை இயக்கவும் பயிற்றப்பட்டோரிடத்து, நீரிழிவு நூற்றுக்கு 58 பங்கு குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை உண்டோரிடத்துக் குறைந்ததோ 31 பங்கு. இம்முடிவு 2002-இல் வெளியாகி உலகெங்கும் பேசப்பட்டது. ஆயினும் ஒரு தடை இருந்தது. அப்பயிற்சி ஒருவர்க்கு ஒருவராக அமர்ந்து 16 பாடங்கள் கற்பிக்கும் முறையில் நடந்தது; அத்தனை பயிற்றுநர்க்கும் ஊதியம் கொடுக்கவல்ல மருத்துவசாலை எங்குளது? இத்தடையை நீக்க இண்டியானாபொலிஸ் நகரத்து ஆராய்ச்சியாளர் நாடியது, யாம் மகிழ்ந்து குறிக்கத்தக்க ஓரிடம்: ஒய்.எம்.சி.ஏ. என்னும் கிறிஸ்தவ வாலிபர் சங்கம். 1844-இல் இலண்டனில் துணிக்கடை ஊழியரான ஜார்ஜ் வில்லியம்ஸ் தம் தோழருடன் நிறுவிய அச்சங்கத்தின் கட்டடங்களில், அச்சங்கத்து ஊழியரைக்கொண்டே, அப்பாடங்கள் குழுவாகப் பயிற்றப்பட்டன. 92 பேரைக்கொண்டு நடந்த அச்சிறு ஆராய்ச்சியின் முடிவு 2008-இல் வெளியாயிற்று. ஆறு மாதத்தில் குழுவிற் பயின்றோர் எடையில் நூற்றுக்கு 6 பங்கும், வெறும் அறிவுரை பெற்றோர் 2 பங்கும் குறைந்திருந்தனர். 2010-இல் அந்நாட்டுப் பேரவை இத்தகைய குழுப்பயிற்சியை நாடெங்கும் பரப்பச் சட்டம் இயற்றிற்று. 2018 முதல் முதியோர்க்கான அரசாங்க மருத்துவக் காப்பீடு அதற்குப் பொருளுதவி செய்கின்றது.

நம் நாட்டிலும் இது முயன்று பார்க்கப்பட்டது. சென்னையில் 578 பேரைக்கொண்டு, அமெரிக்கப் பாடங்களை நம்மவர் உணவிற்கும் வழக்கத்திற்கும் ஏற்ப மாற்றி, வகுப்புக்களாக நடத்திய ஆராய்ச்சியின் முடிவு 2016-இல் வெளிவந்தது. மூன்றாண்டில், வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றோருள் நூற்றுக்கு 34.9 பேருக்கு நீரிழிவு தோன்ற, வகுப்பிற் பயின்றோருள் 25.7 பேருக்கே தோன்றிற்று. பயின்றோருள் பெரும்பான்மையோர்க்கு மெட்ஃபார்மினும் பின்னர்ச் சேர்த்துக் கொடுக்கப்பட்டதென்பதை மறைத்தல் ஆகாது. கேரளத்து நெய்யாற்றங்கரை வட்டத்தில் 1,007 பேரிடையே, ஊராரில் ஒருவரையே தலைவராக்கி நடத்திய குழுக்களின் முடிவு இத்துணை மகிழ்ச்சி தருவதன்று. 2018-இல் வெளியான அம்முடிவின்படி, இரண்டாண்டில் நீரிழிவு எய்தியோர் குழுவில் 14.9 பேர், குழுவில்லாதாரில் 17.1 பேர், நூற்றுக்கு. இவ்வேறுபாடு தற்செயலாகவும் நேரக்கூடும் என்றனர் கணக்கறிவோர். ஆயினும் குழுவினர் காய்கனி மிகுதியாக உண்ணவும் மதுவைக் குறைக்கவும் தலைப்பட்டனர். குழுவென்றால் எல்லாம் கைகூடும் என்போர் இந்த ஆராய்ச்சியையும் படித்தல் நலம்.

ஏட்டிற் படித்ததற்கு மேலாக எமக்குத் தெரிந்தது, அத்தையாருக்குத் துணையாகச் சென்று, செவிலியர் வேண்டியபடி வருகைப் புத்தகம் எழுதிக்கொடுத்த ஒரு கூட்டத்தினின்று வந்தது. எங்கள் பக்கத்து மிஷன் மருத்துவசாலையொன்றில், சனிக்கிழமை பிற்பகல், மகப்பேற்றுப் பிரிவின் பின்புறத் தாழ்வாரத்தில் அது கூடும். பதினால்வர் பெண்கள். பதினாறு வாரம். அத்தையாரை அங்கே சேர்த்தவர் அவருடன் பணிபுரியும் ஆசிரியை ஒருவர். "மருத்துவரிடம் போகவேண்டாம், என்னோடு வந்து உட்காருங்கள், அக்கா" என்று கூறியே அழைத்துச் சென்றார்.

எடை பார்ப்பது ஒரு திரைக்குப் பின்னே. செவிலியர் எண்ணைச் சீட்டில் எழுதி, உரியவர் கையில் மடித்துக் கொடுப்பார், பிறர் அறியார். விரும்பியவர் கூறலாம். முதல் மூன்று வாரம் ஒருவரும் கூறவில்லை. நான்காம் வாரம் பீடி சுற்றும் தொழில் செய்யும் முதியவள் ஒருத்தி தன் எண்ணை உரக்கச் சொன்னாள். அவ்வெண் முந்திய வாரத்தினும் ஒரு கிலோ கூடியிருந்தது. "பேத்திக்குப் பூப்பு நீராட்டு நடந்தது, விடுவேனோ?" என்றாள். தாழ்வாரம் முழுதும் நகைத்தது. கலியாணப் பந்தியில் யாம் கேட்ட நகைக்கும் இந்நகைக்கும் இருந்த வேறுபாட்டை விளக்கும் சொல்லை யாம் எந்த நிகண்டிலும் கண்டிலேம்.

ஆங்கு நிகழ்ந்த பேச்செல்லாம் அடுக்களையைப் பற்றியது. ஒருவருக்கு ஒரு வேளைக்கு எத்தனை உழக்கு அரிசி வேகின்றது? சோறு வடித்து எல்லார்க்கும் படைத்தபின் பானையில் எஞ்சியதை வீணாக்கலாகாதென்று உண்பவர் யார்? பதினால்வரும் தம்மையே சுட்டினர். மீந்த சோற்றைத் தன் வயிற்றிற் சேமித்து வைப்பது இல்லறத்தாளின் கடமையென நாம் எந்நூலிலும் எழுதிவைக்கவில்லை. ஆயினும் எழுதாக் கிளவியாக அது வழங்கிவருகின்றது. ஓர் உழக்குக் குறைத்து உலையிலிடுவது என்று முடிவு செய்தனர். அது வீட்டிலுள்ள ஆடவர்க்குச் சொல்லப்படவில்லை, பெரும்பாலோர் அறியவுமில்லை. கருப்பட்டிக் காப்பி தீங்கற்றது என்பார்க்கு, கருப்பட்டியும் இரத்தத்திற் சேர்ந்தால் சர்க்கரையே என்று செவிலியர் விளக்கியபோது எழுந்த வருத்தம் பெரிது. பனையை நம்பி வாழ்ந்த குடிகள் அவை. கிறிஸ்து பிறப்பு நாளில் முந்திரிக்கொத்து எத்தனை என்பதற்கு ஒரு பிற்பகல் முழுதும் சென்றது. இரண்டு என்று இசைந்தனர்.

நடத்தலே பெருந்தொல்லையாயிருந்தது. நடவுங்கள் என்று கூறும் மருத்துவர், ஐம்பது வயதுப் பெண்ணொருத்தி சிற்றூர்த் தெருவில் வேலையின்றி வீசி நடந்தால் எத்தனை திண்ணைகள் வினவும் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. நாய்கள் வேறு. நால்வர் ஐவராகச் சேர்ந்தபோது திண்ணைகளும் வினவவில்லை, நாய்களும் குரைத்து ஓய்ந்தன. அத்தையார் குளக்கரை வரை சென்று மீள நாற்பது நிமிடம் ஆகும். வராதவரின் வீட்டு வாயிலில் நின்று பெயர் சொல்லி அழைப்பர். படுக்கையில் கிடப்பவரை எழுப்புவதில் எந்த மருந்தும் அவ்வழைப்பிற்கு ஈடாகாது.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக்கண் வள்ளுவர், மருத்துவத்திற்கு நான்கு கூறு வகுத்தார்: நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து அதனைப் பிழையாமற் செலுத்துபவர். வகுப்பில் இதனைப் பாடங்கேட்டபோது நான்காமவரை மருத்துவரின் பணியாள் என்று கொண்டு யாம் விரைந்து கடந்தோம். இக்கூட்டத்தைக் கண்டபின் அந்நான்காமிடத்தின் பெருமை விளங்கிற்று. காய்ச்சலுக்கு மருந்தை ஐந்துநாள் செலுத்துவோர் போதும். பருமனுக்குரிய மருந்தோ நாள்தோறும் மூவேளையும் அடுக்களையிலே செலுத்தப்படுவது. அருகிருப்பவர் இன்றி அஃது எங்ஙனம் நிறைவேறும்? மருத்துவர் அங்கே வந்து அமர இயலாது. அமர்ந்திருக்கும் வீட்டாரோ பெரும்பாலும் இரண்டாம் அகப்பை சோறு இடுவோர். அவ்விடத்தை நிரப்புவது தன்போல் மூட்டு நோவும் பழகிய பசியும் உடைய அயல்வீட்டாளே.

பதினாறு வாரத்தில் அத்தையாரின் எடை 84 கிலோவினின்று 79 ஆயிற்று. பிறர் கண்ணுக்கு ஐந்து கிலோ ஒரு பொருட்டன்று. ஒரு சேலையின் மடிப்பில் மறைந்துபோவது. பள்ளி மாடிப்படிகளை அவர் இடையில் நில்லாது ஏறியதும், இரத்தச் சர்க்கரை இறங்கியதும் எங்கள் வீட்டார்க்குப் பொருட்டாயின. அவ்வளவில் பாடங்கள் முடிந்தன. செவிலியர் வேறிடத்திற்கு மாற்றப்பட்டார். தாழ்வாரத்தில் கட்டில்கள் போடப்பட்டன. எட்டுத் திங்களில் அத்தையார் மீண்டும் 82 கிலோவாயினர். மருத்துவசாலையை விசாரித்தபோது, பயிற்சி நன்கு நிறைவேறியதாக ஏட்டில் எழுதப்பட்டிருந்தது.

இதனை ஓர் ஊரின் குறையென்று தள்ளுதற்கில்லை. இங்கிலாந்தில் 23 குடும்ப மருத்துவ நிலையங்களின் வாயிலாக 1,267 பேரைக்கொண்டு நடந்த ஆராய்ச்சியொன்று 2017-இல் வெளியாயிற்று. ஒரு சாரார்க்கு அறிவுரைச் சிறுநூல் மட்டும் கொடுத்தனர். ஒரு சாராரை 12 வாரமும், மற்றொரு சாராரை 52 வாரமும் மேலே கூறிய வெயிட் வாச்சர்ஸ் கூட்டங்களுக்குக் கட்டணமின்றி அனுப்பினர். ஓராண்டின் முடிவில் இவர்கள் குறைந்தது முறையே 3.26, 4.75, 6.76 கிலோ. இரண்டாம் ஆண்டின் முடிவிலோ 2.30, 3.00, 4.29 கிலோ. மூன்று சாராரும் சிறிது மீண்டும் பருத்தனர். நெடுநாள் கூடியிருந்தவர் அப்பொழுதும் முன்நின்றனர். பன்னிரண்டு வாரத்தோடும் பதினாறு வாரத்தோடும் கூட்டத்தைக் கலைப்பவர், உவெஸ்லியாரின் வகுப்புக்களைக் கடன் தீர்ந்தவுடன் கலைத்திருப்பார் போலும்.

இப்பொழுது ஊசிமருந்துகள் வந்துள்ளன. வாரம் ஒருமுறை ஏற்றிக்கொள்ளும் அவ்வூசிகள் 2025-இல் இந்தியாவிலும் விற்பனைக்கு வந்தன. இக்கூட்டங்கள் எவையும் தராத அளவு எடையை அவை குறைக்கின்றன. அவற்றை இகழ்தல் அறிவுடைமையன்று. பசியின் சுரப்புநீரோடு நேரே போர்புரியும் கருவி கிடைத்திருப்பது நோயுற்றோர்க்கு நற்செய்தியே. ஆயின் அவற்றுள் ஒன்றாகிய செமாக்ளுடைடை நிறுத்தியோர், ஓராண்டிற்குள் இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கை மீளப்பெற்றனர் என்று 2022-இல் வெளியான ஆராய்ச்சி கூறுகின்றது. பீடி சுற்றும் மூதாட்டி அதனை வாழ்நாள் முழுதும் விலைகொடுத்து வாங்குவது எங்ஙனம்? வாங்கினும், உலையிலிடும் உழக்கும் குளக்கரை நடையும் அவளுக்கு வேண்டியனவே.

கூட்டமே எல்லார்க்கும் ஏற்றதென்று யாம் வாதிக்கவில்லை. பலர்முன் பேச நாணுவோர் உளர். ஆடவர் வருவது அரிது. எங்கள் ஊரில் ஆடவர்க்கெனக் கூட்டிய கூட்டத்திற்கு இருவர் வந்தனர், அவருள் ஒருவர் மனைவியைத் தேடி வந்தவர். தலைமை தாங்குவோர் எண்களை உரக்கப் படிக்கத் தொடங்கிவிட்டால், கூட்டமே கலியாணப் பந்தியாகிவிடும். திரையும் மடித்த சீட்டும் சிறிய செய்திகளாகத் தோன்றினும், முதலிற் கைவிடலாகாதவை அவையே என்பது எம் துணிபு.

1989-இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிப் பின்னர் மாநிலமெங்கும் பரவிய மகளிர் சுய உதவிக் குழுக்களில், வாரந்தோறும் கூடிக் கணக்குச் சொல்லும் பழக்கம் நம் பெண்களுக்கு நன்கு கைவந்துள்ளது. 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தின்வழி அரசாங்க ஊழியர் வீடுதோறும் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் சோதித்து மருந்து கொடுத்துவருகின்றனர். கூடுமிடமும் உண்டு, தேடிவரும் கையும் உண்டு. இரண்டும் ஒரே திண்ணையிற் சந்திக்கவேண்டும். அவ்வளவே யாம் கேட்பது.

அத்தையாரும் பழைய பதினால்வருள் ஒன்பதின்மரும் இவ்வாண்டுத் தொடக்கமுதல் வியாழன் மாலைகளில் எங்கள் ஊர் ஆலயத்தின் பக்கத்து அறையில் தாமே கூடுகின்றனர். எடைக்கருவி ஒன்றைத் தலைக்கு எண்பது ரூபாய் இட்டு வாங்கினர். திரைக்கு ஒரு பழஞ்சேலை. ஆரம்பச் சுகாதார நிலையத்திற்கு யாம் எழுதிக்கொடுத்த விண்ணப்பத்தில், கிராமச் செவிலியர் திங்களுக்கு ஒருமுறை வந்து சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்த்துச் செல்லவேண்டுமென ஒன்பதின்மரும் கையொப்பமிட்டனர். மூதாட்டி பெருவிரல் ஒற்றினாள். மறுமொழி இன்னும் வரவில்லை. இதற்கிடையே ஆலயத்தின் அறுப்பின் பண்டிகை வருகின்றது. அன்று ஊரார் அனைவரும் ஒருங்கமர்ந்து உண்ணும் அசனத்திற்கு எத்தனை மரக்கால் அரிசி போடுவது என்பதைச் சபைக் கமிட்டியார் முடிவு செய்யுமுன், தங்கள் சொல்லையும் கேட்கவேண்டுமென்று இப்பெண்கள் குருவானவரிடம் சொல்லியனுப்பியிருக்கின்றனர்.